வலிக்காத பல்லுக்கு வேண்டிய காவல்

பல் வலித்தால்தான் பல் டாக்டர். கடலூர் மாவட்டத்தின் கரையோர ஊர்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதுதான் வழக்கம். அப்படியொரு கரையோர ஊரான கிள்ளையிலிருந்து சிதம்பரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். பஸ் உண்டு, ரயில் உண்டு. சிதம்பரத்தில் 1980 முதல் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய அது, 2021-இல் தமிழக அரசின் சுகாதாரத் துறைக்குக் கீழ் வந்தது. ஆக, தூரம் ஒரு தடையே இல்லை. என்றாலும் இரவெல்லாம் தூங்கவிடாமல் கடைவாய் குத்தினால்தான் நாம் கிளம்புகிறோம். இந்தப் பழக்கம் சொந்தப் பல்லுக்கும் நல்லதில்லை. ஆனாலும் அங்கே ஒரு காப்பு இருந்தது. பல்லுக்குள் நரம்பு இருக்கிறது. சொத்தை ஆழமானால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், ஆள் ஓடிவருவார். இழந்த பல்லுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் பொருத்திக்கொண்டவருக்கு அந்தக் காப்பு கிடையாது. இம்ப்ளான்ட் உலோகம், சொத்தை விழாது, கூசாது, வலிக்காது. சுற்றியுள்ள எலும்பில் பாதி கரைந்துபோன பிறகும் அசையாமல் நிற்கும். ஆகவே இம்ப்ளான்ட் பற்றி நம் மக்களிடம் முதலில் பேச வேண்டியது அதன் விலையைப் பற்றியோ, அது எந்த நாட்டில் செய்தது என்பதைப் பற்றியோ அல்ல. வலி இல்லாதபோதே மருத்துவரிடம் போகும் பழக்கத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் வாதம். அந்தப் பழக்கத்துக்கு வழியில்லாதவர், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், வேறு வகைச் செயற்கைப் பல்லைத் தேர்ந்துகொள்வதே மேல்.

இம்ப்ளான்ட் என்பது பல் அல்ல, வேர். ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள டைட்டேனியத் திருகு ஒன்றைத் தாடை எலும்பில் துளையிட்டு இறக்குகிறார்கள். எலும்பு அதைப் பற்றிக்கொள்ள வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் விடுகிறார்கள். பிறகு அதன் மேல் ஒரு இணைப்புத் துண்டு, அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரிகிற பல். தாடைக்குள் எதையாவது நட்டுப் பல்லாக்கும் ஆசை மிகப் பழையது. நடு அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டில் 1931-இல் கிடைத்த ஒரு கீழ்த்தாடையில், கி.பி. 600 வாக்கில் மாயா மக்கள் முன்பற்களுக்குப் பதிலாகக் கடற்சிப்பியைப் பல் வடிவில் செதுக்கிப் பதித்திருந்தார்கள். பின்னாளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அந்தச் சிப்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. ஆனால் இந்த ஆசை நம்பத்தக்க மருத்துவமாக மாறியது ஸ்வீடனில். 1952-இல் பெர்-இங்வார் பிரோனமார்க் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக டைட்டேனியக் கூடு ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து எடுக்கப்போனால் அது வரவில்லை, எலும்போடு எலும்பாகிவிட்டிருந்தது. பத்தாண்டுக்கு மேல் சோதித்துப் பார்த்துவிட்டு, 1965-இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு இம்ப்ளான்ட்டுகளைப் பதித்தார். 1982-இல் கனடாவின் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகப் பல் மருத்துவர்கள் இதை மனமார ஏற்றார்கள்.

எலும்போடு ஒட்டிக்கொள்ளும் இந்தக் குணம்தான் இம்ப்ளான்ட்டின் பலம். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. சொந்தப் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனில் நார்த்திசு ஒன்று இருக்கிறது. கடிக்கும் அதிர்ச்சியைத் தாங்குவது அது. சோற்றில் கிடக்கும் சிறு கல்லைக் கண்டுபிடித்து வாயை நிறுத்தச் சொல்வதும் அதில் உள்ள நரம்புகள். ஈற்றிலிருந்து வரும் நார்கள் வேரின் மேற்பரப்புக்குள்ளேயே புகுந்து நங்கூரமிட்டிருப்பதால், கிருமிகள் கீழே இறங்குவதற்கு ஓர் இயற்கைத் தடையும் அங்கே உண்டு. இம்ப்ளான்ட்டைச் சுற்றி இவை எதுவுமில்லை. ஈற்று நார்கள் உலோகத்துக்குள் நுழைய முடியாமல் அதை ஒட்டியபடி நீளவாக்கில் ஓடுகின்றன. ரத்த ஓட்டமும் குறைவு. ஈறு இம்ப்ளான்ட்டை இறுகச் சூழ்ந்திருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும் அந்தப் பிடி சொந்தப் பல்லில் இருப்பதைவிடத் தளர்வானது. பல்லில் படிவது போலவே இம்ப்ளான்ட் மீதும் கிருமிப் படலம் படிகிறது. அது உள்ளே இறங்குவது இங்கே எளிது. இறங்கிய பின் எலும்பை அழிக்கும் வேகமும் சொந்தப் பல்லைச் சுற்றி நடப்பதைவிடப் பொதுவாக அதிகம்.

இந்த நோய்க்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஈறு மட்டும் வீங்கிச் சிவக்கும், துலக்கும்போது ரத்தம் கசியும். எலும்புக்குச் சேதமில்லை, படலத்தையும் காரையையும் சுத்தமாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டாம் கட்டத்தில் எலும்பு கரையத் தொடங்குகிறது. கரைந்த எலும்பைத் திரும்பக் கொண்டுவருவது கடினம், பல நேரம் முடியாத காரியம். அறுவைச் சிகிச்சை செய்து ஈற்றைத் திறந்து சுத்தம் செய்தாலும் நோய் மீண்டும் தலைகாட்டுவதுண்டு. ஆக, எல்லாம் முதல் கட்டத்தில் பிடிப்பதைப் பொறுத்தது. அந்தக் கட்டத்திலோ வலியே இருப்பதில்லை. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இம்ப்ளான்ட் பொருத்தியவர்களில் சுமார் 43 சதவீதம் பேருக்கு முதல் கட்டமும், சுமார் 22 சதவீதம் பேருக்கு எலும்பு கரையும் இரண்டாம் கட்டமும் இருப்பதாக அது மதிப்பிட்டது. ஆய்வுக்கு ஆய்வு இந்த எண் மாறுகிறது. நோயை எப்படி வரையறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். குறைந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலும் அலட்சியப்படுத்தக்கூடிய அளவல்ல.

இங்கே ஒருவர் மறுக்கலாம். பத்தாண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இம்ப்ளான்ட் நிற்கிறது என்று மருத்துவர்களே சொல்கிறார்களே, முதல் நோயாளி லார்சன் 2006-இல் இறக்கும்வரை நாற்பதாண்டுக்கு மேல் அதே இம்ப்ளான்ட்டோடு வாழ்ந்தாரே, பிறகென்ன பயம்? அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் அது எண்ணுவது வாயில் நிற்பவற்றை. வாயில் நிற்பதும் நோயில்லாமல் நிற்பதும் ஒன்றல்ல. சுற்றிலும் சீழ் வைத்து எலும்பு கரைந்துகொண்டிருக்கும் இம்ப்ளான்ட்டும் அந்தத் தொண்ணூற்றைந்தில் ஒன்றாகவே எண்ணப்படும். மேலும் அந்த எண்கள் பெரும்பாலும் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட நோயாளிகளிடமிருந்து வந்தவை. பிரோனமார்க்கின் குழு தன் முதல் பதினைந்தாண்டு அனுபவத்தை 1981-இல் வெளியிட முடிந்ததற்குக் காரணமே, நோயாளிகளை அவர்கள் விடாமல் வரவழைத்துப் பார்த்ததுதான். கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு நேரடியான பதில் தருகிறது. முதல் கட்ட ஈறு வீக்கம் இருந்தவர்களை ஐந்தாண்டு கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். இடையில் முறையாக வந்து பராமரித்துக்கொண்டவர்களில் 18 சதவீதம் பேருக்கே எலும்பு கரையும் நோய் வந்திருந்தது. வராமல் இருந்துவிட்டவர்களில் அது 43.9 சதவீதம். வரவும் வராமையும் தவிர வேறு வேறுபாடுகளும் இரு தரப்பாருக்கும் இருந்திருக்கலாம். கவனமாக இருப்பவர்தானே திரும்ப வருவார் என்று கேட்பது நியாயமே. அப்படியே வைத்துக்கொண்டாலும், இரண்டரை மடங்கு வித்தியாசத்தை முழுவதுமாக அதன் கணக்கில் தள்ளிவிட முடியாது.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வா என்பது கிளினிக்குகள் பணம் பறிக்கும் வழி என்று பலர் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். இந்தச் சந்தேகத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு பராமரிப்பு வருகையில் என்னென்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். மருத்துவர் மெல்லிய அளவுகோலால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈற்றின் ஆழத்தை அளக்க வேண்டும். ரத்தமோ சீழோ வருகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பல் ஆடுகிறதா, மேலிருந்து கடி சரியாக விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். படிந்திருக்கும் காரையை இம்ப்ளான்ட்டைக் கீறாத கருவிகளால் எடுக்க வேண்டும். தேவைப்படும்போது எக்ஸ்ரே எடுத்து, பல்லைப் பொருத்திய நாளில் எடுத்த எக்ஸ்ரேயோடு ஒப்பிட வேண்டும். முதலாண்டில் எலும்பு சிறிது இறங்குவது இயல்பு; அதன்பின் ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது 1986 முதல் பல் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட ஓர் அளவுகோல். வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது போங்கள் என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பினால் அது பராமரிப்பு அல்ல, அதற்குக் கட்டணம் கொடுக்கத் தேவையுமில்லை. அளந்து, எழுதி, ஒப்பிட்டுச் சொன்னால் அந்தக் கட்டணம் ஓர் இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டு மறுபடி வைப்பதன் செலவில் மிகச் சிறிய பங்கே.

மருத்துவர் பார்ப்பது ஆண்டில் இரண்டு நாள். மற்ற நாட்கள் பல்லுக்குரியவரின் பொறுப்பு. இங்கே நம் ஊர்ப் பழக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் மென்று நாராக்கித் துலக்கிய முன்னோர் பலரின் பற்கள் உறுதியாகவே இருந்தன. நாராகிய குச்சி பல்லின் வெளிப்பக்கத்தை நன்றாகவே தேய்க்கும். ஆனால் இம்ப்ளான்ட்டுக்கு ஆபத்து வருவது வெளிப்பக்கத்தில் அல்ல. திருகு குறுகலானது, மேலே வைக்கும் பல் அகலமானது. அதனால் ஈற்றுக்கு மேலே, பல்லின் விளிம்புக்கு அடியில் ஓர் இடுக்கு உருவாகிறது. உணவும் கிருமிப் படலமும் அடைவது அங்கேதான். நாக்குப் பக்கத்திலும் பக்கத்துப் பல்லோடு சேரும் இடத்திலும் அது மோசம். குச்சியோ விரலோ அங்கே போகாது. சாதாரண பிரஷ்ஷும் முழுதாகப் போகாது. பல்லிடுக்கு பிரஷ் என்று ஒரு சிறு கருவி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, மெல்லிய கம்பியைச் சுற்றித் தூரிகை வைத்தது. பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியுள்ளதாக வாங்க வேண்டும். வெறுங்கம்பி இம்ப்ளான்ட்டைக் கீறும். எந்த அளவு தனக்குப் பொருந்தும் என்பதைப் பொருத்திய மருத்துவரிடமே கேட்டு, கண்ணாடி முன் ஒருமுறை செய்து காட்டச் சொல்ல வேண்டும். நான்கைந்து பற்களைச் சேர்த்து ஒரே பிரிட்ஜாகப் போட்டிருந்தால், அதன் அடியே நுழைத்து இழுக்கக்கூடிய தடித்த ஃபிளாஸ் நூல் தேவைப்படும். தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் கருவி நல்ல துணை. ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஒட்டிக்கொண்ட படலத்தை எடுக்கத் தேய்க்கத்தான் வேண்டும். உப்புத்தண்ணீர் கொப்பளிப்பதும் அப்படியே. புண்ணுக்கு இதம், படலத்துக்கு ஒன்றும் ஆகாது. கரித்தூள், செங்கல்பொடி, கரகரப்பான பல்பொடி மூன்றையும் விட்டுவிட வேண்டும். அவை உண்டாக்கும் கீறல்களில் கிருமிகள் இன்னும் வசதியாகத் தங்கும். விடியும் முன்னே கடலுக்குப் போகிறவர்கள் காலையில் அவசரமாகத் துலக்குவது புரிகிறது. அவர்களுக்கு இரவுத் துலக்கல்தான் முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால் அந்த நேரத்தில் கிருமிகளைக் கழுவிவிட ஒன்றும் இருப்பதில்லை.

புகையிலையைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். பீடி, சிகரெட் ஈற்றுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. எலும்பு பற்றிக்கொள்ளும் முதல் மாதங்களில் இம்ப்ளான்ட் தோற்பதும், பின்னாளில் எலும்பு கரைவதும் புகைப்பவர்களிடம் அதிகம். புகைப்பவரின் ஈற்றில் நோய் இருந்தாலும் ரத்தம் குறைவாகவே கசியும் என்பதால் இருக்கிற ஒரே எச்சரிக்கையும் மங்கிவிடுகிறது. வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கி வைப்பதும், உதட்டோரம் பொட்டலப் புகையிலையை அடக்கிக்கொள்வதும் அந்த இடத்து ஈற்றையே நேரடியாகப் புண்ணாக்குகின்றன. வாய்ப் புற்றுநோய் அபாயம் தனி. இதை விட முடியாதவர் இம்ப்ளான்ட்டைத் தள்ளிப்போடுவதே சரி. நீரிழிவு அப்படியல்ல. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. சுகர் இருப்பதனாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்பதில்லை. மூன்று மாதச் சராசரி கட்டுக்குள் இருப்பவர்களுக்கு நன்றாகவே நிற்கிறது. கட்டுக்கு மீறிய சுகர்தான் புண்ணை ஆறவிடாது, ஈற்று நோயைத் தூண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை மறைக்காமல் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதையே பாதிக்கும். ஏற்கெனவே ஈற்று நோயால் பற்களை இழந்தவர்தான் எல்லாரையும்விட அதிகக் கவனமாக இருக்க வேண்டியவர். பல்லைப் பறித்த நோய் வாயிலேயே இருக்கும்போது அதே இடத்தில் உலோகத்தை நட்டால், நோய் உலோகத்தைச் சுற்றியும் வரும்.

கிருமியைத் தவிர்த்தால் இன்னொரு எதிரி பளு. அதிர்ச்சி தாங்கும் நார் இல்லாததால் கடியின் முழு வேகமும் திருகிலும் எலும்பிலும் இறங்குகிறது. எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கிறோம் என்பதும் சரியாகத் தெரியாது. பிச்சாவரக் கழிமுகத்து நண்டின் காலை இம்ப்ளான்ட் பல்லால் உடைக்க வேண்டாம். கரும்பு, கல்லாகிப்போன முறுக்கு, சோடா மூடி எல்லாமே அந்தப் பட்டியலில் சேரும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் இரவுக் கவசம் செய்து போட்டுக்கொள்ள வேண்டும். பல் லேசாக ஆடினால் பெரும்பாலும் உள்ளிருக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கும். உடனே போனால் முடுக்கிவிடுவார்கள், தள்ளிப்போட்டால் திருகு உடையும்.

இவ்வளவு தொல்லையா என்று அலுத்துக்கொள்பவர்களிடம் சொல்ல ஒன்று உண்டு. இம்ப்ளான்ட் கட்டாயமல்ல. கழற்றி மாட்டும் பல்செட், பக்கத்துப் பற்களைத் தேய்த்துப் போடும் பிரிட்ஜ் இரண்டும் மதிப்புள்ள சிகிச்சைகளே. பல்செட்டுக்கும் பராமரிப்பு உண்டு என்றாலும், அதைக் கையில் எடுத்துக் கழுவ முடியும். தவறினால் இழப்பது எலும்பை அல்ல. கை நடுங்கும் முதியவர், கண் மங்கியவர், ஊருக்கும் நகரத்துக்கும் அலைய ஆளில்லாதவர் ஆகியோருக்குப் பிள்ளைகள் பாசத்தில் இம்ப்ளான்ட் வைத்துவிட்டு வெளிநாட்டுக்குத் திரும்பிவிடுவது நடக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் துலக்கிவிட ஒருவரை ஏற்பாடு செய்வதற்கும், ஆண்டுக்கு இருமுறை அழைத்துப் போவதற்கும் ஒதுக்க முடியாதென்றால் நல்லதொரு பல்செட்டே அந்தப் பெற்றோருக்கு ஏற்றது. ஏழைக்கு மலிவான சிகிச்சை போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பராமரிப்பு எட்டாத இடத்தில் விலையுயர்ந்த சிகிச்சையைத் தருவது அவரைப் பின்னால் இன்னும் பெரிய செலவில் இறக்கிவிடும் என்பதே கவலை. பராமரிப்பை எட்டச் செய்தால் இந்தப் பேச்சே வேண்டியிராது.

எட்டச் செய்ய முடியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முடசல்ஓடையைப் போன்ற துறைகளில் அந்த நாட்களில் படகைக் கரையேற்றி, ஓட்டை விழவில்லை என்றாலும் அடிப்பக்கத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, வர்ணம் பூசி, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள். பல்லுக்கும் அதே காலத்தை வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து ஆறு மாதத்தில் வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கையில் படகுகள் மறுபடி கரையில் நிற்கும் நாட்கள். ஆண்டுக்கு இரண்டு வருகை, இரண்டும் கூலி கெடாத காலத்தில். சிதம்பரம் கல்லூரியிலிருந்து ஈற்று நோய்த் துறையினர் தடைக்காலத்தில் கிள்ளைப் பக்கம் முகாம் நடத்தினால், இம்ப்ளான்ட் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சேர்த்தே காரை எடுக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகரும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு வீடாக வரும் பணியாளர்கள், துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டாலே பலரை முதல் கட்டத்தில் பிடித்துவிடலாம். நீரிழிவுக்கும் ஈற்று நோய்க்கும் உள்ள உறவை நினைத்தால் அந்தக் கேள்வி அவர்கள் வேலைக்கு வெளியே உள்ளதும் அல்ல.

கடைசியாகக் காகிதம். பேசாமல் விடப்படும் விஷயம் இதுதான், இம்ப்ளான்ட்டின் ஆயுளில் இதற்கும் பங்கு உண்டு. நூற்றுக்கணக்கான கம்பெனிகள் இம்ப்ளான்ட் செய்கின்றன. ஒன்றின் திருகுக்கு இன்னொன்றின் திருப்புளி பொருந்துவதில்லை. கல்லூரி மருத்துவமனையில் பொருத்தியவர் மூன்றாண்டு மேற்படிப்பு முடித்துப் போயிருப்பார். தனியார் கிளினிக் இடம் மாறியிருக்கும், மூடியும் இருக்கலாம். பத்தாண்டு கழித்து திருகு தளர்ந்தால் புதிய மருத்துவருக்கு வாயைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு இம்ப்ளான்ட்டும் வரும் டப்பாவில் கம்பெனி, வகை, விட்டம், நீளம், தயாரிப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ஒரு அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பொருத்திய தேதி, எந்தப் பல், பல் திருகால் மாட்டப்பட்டதா சிமென்ட்டால் ஒட்டப்பட்டதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சிமென்ட் என்றால், ஈற்றுக்குள் வழிந்த மிச்சத்தை முழுதும் எடுத்தாயிற்றா என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. தங்கிப்போன சிமென்ட்டே நோய்க்குக் காரணமாவது நன்கு அறியப்பட்டது. பல் பொருத்திய நாளின் எக்ஸ்ரேயின் பிரதி ஒன்றைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். இனி வரப்போகும் ஒவ்வொரு எக்ஸ்ரேயும் ஒப்பிடப்படுவது அதனோடுதான்.